முதலில் சிப்பாயின் காகிதம், அப்புறம் அயர்லாந்து

என் மருமகளின் முன்னோர் ஒருவர் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போய், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து இறந்தவர். அபூர்வமான குடும்பப் பெயர். "பெயரைத் தட்டினாலே ஊர் வந்துவிடும் மாமா" என்றாள். நம்பி உட்கார்ந்தேன். இரண்டு மாதம் வீண்.

அவருக்கு எழுதத் தெரியாது. எழுத்தர் காதில் விழுந்ததுதான் பெயர். ஐரிஷ் குடும்பப் பெயருக்கு முன்னால் வரும் 'ஓ', 'மக்' எல்லாம் இருக்கும், போகும். எங்களிடம் மூன்று எழுத்துக்கூட்டல்கள் சேர்ந்தன. அபூர்வம் என்று நாம் நினைப்பது சிலசமயம் வெறும் எழுத்துப்பிழை!

ஆகவே, வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் விதவை ஓய்வூதியக் கோப்பைத் தேடுங்கள். கல்யாணத்தையும் பிள்ளைகளையும் நிரூபித்தால்தான் பணம் என்பதால், பாதிரியார் கடிதம், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் எல்லாம் அதில் கிடக்கும். எங்கள் கோப்பில் கைநாட்டு மாதிரி ஒரு பெருக்கல் குறி. அதுதான் அந்த அம்மாவின் கையெழுத்து. அடுத்த தாளில் பக்கத்து வீட்டுக்காரி, இருவரையும் அயர்லாந்திலேயே தெரியும் என்று பங்கின் (ஒரு கோவிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, உட்பட்ட ஊர்ப்பகுதி) பெயரோடு சொல்லியிருந்தாள். (பிரிட்டிஷ் படை என்றால் லண்டன் கியூ பகுதியில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள ஓய்வூதியச் சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்களைப் பாருங்கள். பிறந்த பங்கு பெரும்பாலும் இருக்கும்.)

பங்கு தெரிந்தபின் கிரிஃபித் மதிப்பீடு, அதாவது அயர்லாந்து முழுக்க வரிக்காக நிலம், வீடுகளை மதிப்பிட்ட பட்டியல், 1847 முதல் 1864 வரை. அதில் குடித்தனக்காரர் பெயர் மட்டும்தான், மனைவி மக்கள் கிடையாது. ஆனால் அபூர்வப் பெயர் எந்தெந்த ஊரில் குவிந்திருக்கிறது என்று காட்டிவிடும். மக்கள்தொகைக் கணக்கை நம்பாதீர்கள். முழுசாகத் தப்பியவற்றில் பழையதே 1901தான். அரசே அழித்தது பாதி, 1922இல் ஆவணங்கள் இருந்த டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போனது மீதி. கத்தோலிக்கப் பிறப்புகளை அரசு பதியத் தொடங்கியதும் 1864இல்தான்.

கடைசியாக, அயர்லாந்து தேசிய நூலகம் இலவசமாக வலையேற்றியிருக்கும் கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவேடுகள். லத்தீனில் ஜேம்ஸ் 'யாகோபுஸ்', வில்லியம் 'குலியெல்முஸ்'. தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் பெரும்பாலும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

மை பரவிய ஒரு வரியில் எங்கள் ஆள் கிடைத்தார், நான்காவது எழுத்துக்கூட்டலில். ஞானத்தாயின் குடும்பப் பெயரும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரும் ஒன்றாக இருந்தன.