மிஷின் கெடுத்த கத்தி, கல்லுல சரியாச்சு
காரைக்குடி வீட்டுல சின்ன வெங்காயம் நறுக்காத நாளே கிடையாது, கத்தி மொக்கையாப் போச்சேன்னு எலக்ட்ரிக் ஷார்ப்னர் வாங்கினேன். முதல்ல நல்லாத்தான் வெட்டுச்சு, ஒரு வருஷத்துல கத்தியே இளைச்சுப் போச்சு, பிடிகிட்ட மிஷின் எட்டாததால அங்க மட்டும் மேடு, நடுவுல பள்ளம், வெண்டைக்கா பாதி அறுபடாம தோரணமாட்டம் தொங்குது. ஆச்சிக்கு ஒரே சிரிப்பு (அவங்க இன்னமும் அருவாமனைதான்).

அப்புறம் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிரிட் (சொரசொரப்பு நம்பர், ஏற ஏற நைசு) உள்ள சாணைக்கல்லை 10 நிமிஷம் தண்ணில ஊறப்போட்டு, 400ல அந்த மேட்டைத் தேச்சு இறக்கினேன், அதுக்கே ஒரு மணி நேரம், கை விட்டுப்போச்சு. பெறகு 15-20 டிகிரி சாய்ச்சு, எதிர்ப்பக்கம் விரல்ல சொரசொரன்னு பிசிறு தட்டுற வரைக்கும் ஒரு பக்கம், அப்புறம் அடுத்த பக்கம், அதே மாதிரி 1000லயும். கடைசியா பழைய தோல் பெல்ட்டுல நாலு இழுப்பு. இப்ப தக்காளித் தோல்ல வெச்சாலே இறங்குது.