கெய்ரின் சைக்கிளை மதிப்பிடுவது எப்படி: பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரில் பழைய ஜப்பானிய ட்ராக் பிரேம் (கெய்ரின் எனும் ஜப்பானிய ஓடுதளப் பந்தய சைக்கிளின் உடற்சட்டம்) வாங்கி, பாகங்கள் சேர்த்து, படமெடுத்துப் போடுகிற நண்பர்கள் அதிகமாகிவிட்டார்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் வண்ணத்தைப் பற்றித்தான் பதில் வரும். நான் பார்க்கும் வரிசை வேறு. அண்மையில் ஒரு பிரேமைக் கட்டி முடித்த சூட்டோடு எழுதுகிறேன். பெடல் மாட்டுவது, டயர் ஏற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில்: முத்திரையை ஓரமாக வையுங்கள்

பிரேமைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கூட்டின் அடியில் என்ஜேஎஸ் முத்திரையை (கெய்ரின் சாதனங்களுக்கான ஒப்புதல் முத்திரை) தேடுவது எல்லோருக்கும் பழக்கம். கெய்ரின் 1948இல் ஜப்பானின் கொக்குராவில் பந்தயம் கட்டி ஆடும் விளையாட்டாகத் தொடங்கியது. பணம் கட்டுகிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதால் எல்லா வீரர்களும் ஏறக்குறைய ஒரே தரத்துச் சாதனத்தில் ஓட வேண்டும். முத்திரை அதற்கான அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். பிரேம் உங்கள் உடம்புக்குப் பொருந்துமா, நேராக இருக்கிறதா என்பதையெல்லாம் அது சொல்லாது. 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை உலக ஸ்பிரிண்ட் பட்டம் வென்ற கொய்ச்சி நக்கானோவால் அவர் ஓட்டிய நகசாவா பிரேம்களுக்குப் பெரிய பேர் வந்தது. நகசாவாவாகவே இருந்தாலும் அளவு தப்பினால் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

அடுத்து: ஹப்பின் இடது மரை

பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்கூடு) ஸ்பிராக்கெட்டுக்கு (பின்பல்சக்கரம்) வெளியே லாக்ரிங் (அதைப் பூட்டும் வளையம்) இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான ட்ராக் ஹப்பில் ஸ்பிராக்கெட் வழக்கமான வலது மரையில் ஏறும், லாக்ரிங் இடது மரையில் ஏறும். இந்த வண்டியில் பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும், அதனால் பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது ஸ்பிராக்கெட் கழலப் பார்க்கும். அது லாக்ரிங்கை உரசித் திருப்பினாலும் மரை எதிர்த்திசையில் இருப்பதால் லாக்ரிங் இன்னும் இறுகும். ஃப்ரீவீல் (பெடல் நின்றாலும் சக்கரத்தைச் சுற்றவிடும் பல்சக்கரம்) ஏறும் மரையில் ஸ்பிராக்கெட்டை மட்டும் முறுக்கி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வண்டிக்கு என்னிடம் மதிப்பெண் பூஜ்யம். சுத்தியலும் உளியும் வைத்து லாக்ரிங்கைத் தட்டாதீர்கள். ஹோசான் மாதிரி நல்ல கொக்கி ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், காலத்துக்கும் வரும்.

செயின்: இங்கேதான் நேரம் போகும்

என்னை அதிகம் படுத்தியது இந்தக் கட்டம்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

செயின் கோடு (பிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் இருக்கும் தூரம்) முதலில். பின்னால் ஹப் அகலம் 120 மி.மீ., செயின் கோடு 42 மி.மீ. சுகினோ 75 கிராங்குக்கு (பெடல் மாட்டும் கை) 109 மி.மீ. அச்சு போட்டால் இந்தக் கோடு சரியாக வரும். வண்டிக்குப் பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் மேலே எதைச் செய்தும் சத்தம் போகாது.

அப்புறம் இறுக்கம். பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து கிராங்கை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் செயின் கம்பி மாதிரி விறைக்கும், இன்னோரிடத்தில் தொங்கும். ஆக்சிலை முன்னும் பின்னும் நகர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது. காரணம் முன்பல்சக்கரம் கிராங்கின் மையத்தில் சரியாக உட்காராததுதான்.

செய்ய வேண்டியது இது. முன்பல்சக்கரத்தின் ஐந்து போல்ட்டுகளையும் லேசாகத் தளர்த்துங்கள். தட்டினால் நகர வேண்டும், தானாக ஆடக்கூடாது. செயின் மிக விறைப்பாக இருக்கும் இடத்தில் கிராங்கை நிறுத்தி, மேல்செயினின் நடுவில் ஸ்பேனர் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். பல்சக்கரம் இம்மியளவு நகர்ந்து செயின் தளரும். மறுபடி சுற்றி, அடுத்த விறைப்பான இடத்தில் தட்டுங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆனதும், போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே போல்ட்டை முழுதாக முறுக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

இப்போது பின்சக்கரம். வலது நட்டை இறுக்கி, ரிம்மின் முன்பகுதியை இடப்பக்கம் தள்ளி, இடது நட்டை இறுக்குங்கள். வலது நட்டைத் தளர்த்தி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்தால் வலது முனை தானாகப் பின்னால் போகும். அப்படியே இறுக்கிவிடுங்கள். இரண்டு கையும் ஒரு 15 மி.மீ. ஸ்பேனரும் போதும், செயின் டென்ஷனர் எதுவும் எனக்குப் பிடிக்காது. செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் சீக்கிரம் தேயும்.

அழகுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஆக்சில், அது உட்காரும் பிரேம் பிளவின் கடைசியில் தொங்கினால் டயருக்கும் சீட் குழாய்க்கும் நடுவில் அசிங்கமான இடைவெளி விழும். நடுவிலோ சற்று முன்னாலோ இருந்தால் வண்டி கச்சிதமாகத் தெரியும். ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ ஆக்சில் சுமார் 3 மி.மீ. நகரும். ஆகவே கியரைத் தேர்வு செய்யும்போதே இதையும் யோசியுங்கள்.

மேலே உள்ளவை

கெய்ரின் பிரேமின் மேல்குழாய் தரைக்குச் சமமாக ஓடும். அந்தக் கோட்டோடு சீட்டும் சமமாக இருந்தால் பார்வைக்கு நிம்மதி, இதற்கு ரசமட்டம் வைத்துப் பார்ப்பதே மேல். சீட் போஸ்ட்டிலும் ஸ்டெம்மிலும் (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு) உள்ள குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரிந்தால் பிரேம் உங்களுக்குச் சிறியது என்று அர்த்தம். ஹேண்டில்பாரில் என் கட்சி நிட்டோ பி123, எஃகு. கனம்தான், இருந்தாலும் அந்த வளைவு வேறு எதிலும் இல்லை.

படம் எடுக்கும்போது

செயின் உள்ள பக்கம். கிராங்க் தரைக்குச் சமமாக முன்னோக்கி, அல்லது பின்குழாயோடு ஒரே கோட்டில். டயரின் பெயர் வால்வுக்கு நேராக. போனின் அகலக் கோணத்தில் எடுத்தால் சக்கரம் முட்டையாகிவிடும். தள்ளி நின்று, மேல்குழாய் உயரத்துக்குக் குனிந்து, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குக்குக் கீழே உள்ள வெற்றுச் சுவர் போதும்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

"48க்கு 16 போட்டேன், டயர் ஒரே இடத்தில் தேய்கிறதே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 48ஐ 16ஆல் வகுத்தால் மீதமின்றி 3. அதனால் ஒரே காலை முன்வைத்துச் சறுக்கி நிறுத்தும்போதெல்லாம் டயரின் அதே இடம்தான் தரையில் உரசும். முன்பல்லை 49 ஆக்கினால் உரசல் பதினாறு இடங்களுக்குப் பிரிந்துவிடும். வேகத்தில் வித்தியாசமே தெரியாது.

இன்னொரு சிக்கல் பிரேக். சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்து பொதுச் சாலையிலும் பாதையிலும் ஓட்டும் சைக்கிளில் குறைந்தது ஒரு கைப்பிரேக் இருந்தே ஆக வேண்டும். கெய்ரின் ஃபோர்க்குகள் பலவற்றில் பிரேக் துளையே கிடையாது. துளை போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், அந்த ஃபோர்க் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. துளையுள்ள, ஒரு அங்குல விட்டத் தண்டு உள்ள ஃபோர்க்கைத் தேடி மாட்டுங்கள். பழையதைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டால் விற்கும்போது பிரேமுடன் சேர்த்துக் கொடுக்கலாம். மாற்று ஃபோர்க் வாங்கும் முன் அதன் நீளத்தையும் அளந்து பாருங்கள். நீளம் கூடினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், மேல்குழாயின் சமம் போய்விடும்.