‘மூலம்’ என்று எழுதுவதற்கு முன்னால்

போன வாரம் புறநோயாளிகள் பிரிவில் ஒரு சீட்டு என் மேசைக்கு வந்தது. 48 வயது, ஆண், இரண்டு மாதமாக மலத்தோடு ரத்தம். கீழே அழகான கையெழுத்தில் ‘மூலம்’. ஒரு களிம்பு, ஒரு மலமிளக்கி, 15 நாள் கழித்து வரவும். ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு உரிய இடம் மட்டும் காலி. எழுதியவர் பயிற்சி மருத்துவர். எங்கள் பிரிவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்ட வாயெடுத்தேன். 22 ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு சீட்டை நானே எழுதியது நினைவுக்கு வந்ததால் குரல் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

தண்ணீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள், முக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் மனப்பாடம். மூலம் என்ற பெயரில் மருத்துவரும் நோயாளியும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தொட்டுப் பார்க்காமல் பெயர் வைப்பது

நம் ஊரில் ஆசனவாயில் எது வந்தாலும் அதற்கு மூலம் என்றுதான் பெயர். வெடிப்பும் மூலம், பவுத்திரமும் மூலம், சாதாரணத் தோல் மடிப்பும் மூலம். நோயாளி நோயோடு மட்டும் வருவதில்லை, பெயரோடும் வருகிறார். “எனக்கு மூலம், டாக்டர். உடம்புச் சூடு.” வரிசையில் இன்னும் 80 பேர் நிற்கும்போது அந்தப் பெயரை அப்படியே எழுதிக்கொள்வது எவ்வளவு வசதி!

நான் எழுதிக்கொண்டது ஒரு நெசவாளிக்கு. 52 வயது. “கருணைக்கிழங்கு, துத்தி இலை எல்லாம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன் தம்பி, நிற்கவில்லை” என்றார். களிம்பு எழுதினேன். ஒரு மாதம் கழித்து வந்தார். பழைய சீட்டைப் பார்த்து அதையே எழுதினேன். மூன்றாம் முறையும் அப்படியே. முதல் நாளிலேயே அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: “போய்விட்டு வந்தாலும், மறுபடி போகவேண்டும் போலவே இருக்கிறது.” அதைக் காதில் வாங்கி, மலமிளக்கியின் அளவைக் கூட்டினேன்.

நான்காம் மாதம் என் பேராசிரியர் கையுறை மாட்டினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கையுறையைக் கழற்றாமல் என்னைத் திரும்பிப் பார்த்து, “உன் விரல் எத்தனை சென்டிமீட்டர்?” என்று கேட்டார். கட்டி ஆசனவாயிலிருந்து 5 சென்டிமீட்டர் உள்ளே இருந்தது. கல் போல், விளிம்பு தடித்து, நடுவில் புண்ணாகி. மலக்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வயிற்றில் நிரந்தரமாக, மலம் சேரும் ஒரு பை. நான்கு மாதம் முன்னால் தெரிந்திருந்தால் அந்தப் பை தேவைப்பட்டிருக்காது என்று என்னால் சொல்ல முடியாது. தேவைப்பட்டிருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை.

இளம் மருத்துவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. விரலை வைப்பது மூலத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்று நினைக்கிறார்கள். உள்மூலம் பெரும்பாலும் விரலில் தட்டுப்படவே படாது. நம் எல்லோருக்கும் ஆசனவாய்க்குள் ரத்தக்குழாய் நிறைந்த மூன்று மெத்தைகள் இருக்கின்றன. மல்லாந்து படுத்தவரின் ஆசனவாயைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால் 3, 7, 11 மணி இடங்களில். அவை புடைத்துச் சரிவதுதான் மூலம். ரத்தம் நிரம்பிய மிருதுவான பை என்பதால் விரல் பட்டதும் அமுங்கிவிடும். அதைப் பார்க்க ஆசனவாய் உள்நோக்கிக் குழாய் வேண்டும். விரல் தேடுவது மூலம் அல்லாத மற்றதை. ஆகவே “உள்ளே கெட்டியாக மூலம் தட்டுப்படுகிறது, சார்” என்று யாராவது சொன்னால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சை நோக்கி மடக்கச் சொல்லுங்கள். திரையை இழுத்துவிடுங்கள். முதலில் கண்ணால் பாருங்கள். மரப்பு ஜெல் தடவிய விரலை வாயிலில் வைத்துக் காத்திருங்கள். அவர் மூச்சை விடும்போது தசை தானாக இளகும், அப்போது உள்ளே போங்கள். முழு வட்டமும் சுற்றுங்கள். பின்பக்கம், வால் எலும்பை ஒட்டிய பள்ளத்தை விட்டுவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் கையுறை நுனியைப் பாருங்கள்: பளிச்சென்ற சிவப்பா, கருஞ்சிவப்பா, சளியா?

முக்கியமான விதிவிலக்கு, ஆசனவாய் வெடிப்பு. கண்ணாடித் துண்டு அறுப்பது போல் வலி, போய்வந்த பிறகும் மணிக்கணக்கில் நீடிக்கிறது என்றால் விரலைத் திணிக்காதீர்கள். விலக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் பின்புற நடுவில் கீறல் தெரியும். வலி தணிந்த பிறகு கூப்பிட்டுப் பாருங்கள். ஆனால் கட்டாயம் கூப்பிடுங்கள்.

நோயாளியாக இதைப் படிப்பவருக்கு: மலம் கழித்து முடிக்கும்போது சொட்டுச் சொட்டாக, வலியில்லாமல், பளிச்சென்ற சிவப்பு ரத்தம் என்றால் மூலமாக இருக்க வாய்ப்பு அதிகம். மலத்தோடு கலந்த கருஞ்சிவப்பு, சளி, எடை குறைவது, மலம் கழிக்கும் பழக்கம் வாரக்கணக்கில் மாறிக்கிடப்பது, முழுதாகப் போகாத உணர்வு, காரணம் தெரியாத ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று — இவற்றில் ஒன்று இருந்தாலும், வயது 45-ஐத் தாண்டியிருந்தாலும், பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கொலோனோஸ்கோப்பி) பற்றிக் கேளுங்கள். மூலம் இருப்பது உறுதியாகிவிட்டாலும் கேளுங்கள். மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு இருக்கக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. மருத்துவர் தொட்டுப் பார்க்காமல் சீட்டை நீட்டினால், “பரிசோதிக்க வேண்டாமா?” என்று கூச்சப்படாமல் கேட்கலாம். அந்தக் கேள்வியை யாராவது அன்று என்னிடம் கேட்டிருக்கலாம்.

மின்கம்பத்து விளம்பரம்

‘ஒரே ஊசியில் மூலம் போகும், அறுவை இல்லை.’ மூலத்துக்கு முறையான ஊசியும் உண்டு. அது உள்ளே, வலி தெரியாத பகுதியில், தெரிந்த மருந்தை அளவாகப் போடுவது. கம்பத்து விளம்பரக்காரர் என்ன மருந்து போடுகிறார் என்பதை அவர் சொல்லமாட்டார், சீட்டும் தரமாட்டார். சதை வெந்து, ஆறும்போது ஆசனவாய் சுருங்கி, சுண்டுவிரல்கூட நுழையாத நிலையில் வந்தவர்களுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன். அவர்களுக்கு ஆரம்பத்தில் இருந்த மூலம் வெறும் நார்ச்சத்திலேயே அடங்கியிருக்கக்கூடியது.

திடீர் கட்டியை எந்த நாளிலும் கீறுவது

நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று ஓரத்தில் நீலமாக, திராட்சை அளவில், உட்கார முடியாத வலி. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. முதல் 72 மணி நேரத்துக்குள் வந்தால் மரத்துப்போக ஊசி போட்டு அகற்றிவிடலாம். ஐந்தாம் நாள், வலி இறங்கத் தொடங்கிய பிறகு வருபவரைக் கீறினால் ஆறிக்கொண்டிருப்பதற்குப் புது வலியைக் கொடுக்கிறீர்கள். வெதுவெதுப்பான நீரில் உட்காரச் சொல்லி, வலி மாத்திரை கொடுத்து அனுப்புங்கள்.

இசப்கோலைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குவது

இது மலத்தை இளக்கும் நார்ச்சத்து. தண்ணீர் இல்லாவிட்டால் இருக்கிற மலச்சிக்கலும் இறுகும்.

மாதக்கணக்கில் ஒரே களிம்பு

ஸ்டீராய்டு கலந்தது என்றால் ஒரு வாரத்துக்கு மேல் தானாகத் தடவாதீர்கள். தோல் மெலிந்துபோகும்.

கைபேசி

கழிவறைக்கு வெளியே வையுங்கள்.

ரப்பர் வளையம் போட்டு அனுப்பிவிட்டு மறந்துவிடுவது

உள்மூலத்தின் அடியில் ரப்பர் வளையத்தை இறுக்கி, அது வாடி உதிரச் செய்யும் சிகிச்சை இது. வளையம் போட்டதுமே நோயாளி துடித்தால், அதை வலி தெரியும் பகுதியில் போட்டிருக்கிறீர்கள். சமாதானம் சொல்லாமல் வெட்டி எடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் சதை உதிரும்போது ரத்தம் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் நள்ளிரவில் பயந்துபோய் வருவார்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சிறுநீர் போகாமை ஆகியவை சேர்ந்து வந்தால் அது இடுப்புக்குள் பரவும் தொற்றாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் உயிரை எடுக்கும். விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதைச் சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள்.

அந்த 48 வயதுக்காரர் அன்று பஸ் ஏறிவிட்டார். பயிற்சி மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை மீண்டும் வரவழைத்தார். விரலில் எதுவும் தட்டுப்படவில்லை. குழாயை வைத்துப் பார்த்தபோது 3 மணியிலும் 11 மணியிலும் இரண்டாம் நிலை மூலம். “மூலம்தான், சார்” என்று பயிற்சி மருத்துவர் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்ன வெற்றிச் சிரிப்பு. எனக்கு எரிச்சல் வந்தது. சீட்டைத் திருப்பிக் கொடுத்து, காலியாக இருந்த இடத்தை நிரப்பிவிட்டு, பெருங்குடல் உள்நோக்கிக்குத் தேதி வாங்கச் சொன்னேன்.