மதுரையிலிருந்து கடலுக்குப் போய் அலையையும் கரை வாழ்க்கையையும் படம் எடுப்பது எப்படி?

நம் ஊர்க்காரர்கள் கடலைப் படம் எடுக்கப் போனால் முதலில் தப்புவது நேரம்தான். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, ராமேஸ்வரம் வரை 170 கிலோமீட்டர் ஓட்டி, தனுஷ்கோடிக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில் வந்துவிடும். அந்த வெயிலில் அலைக்கு நிழலே இருக்காது, நிழல் இல்லாத அலை படத்தில் வெறும் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். அதனால் முந்தின நாளே போய் ராமேஸ்வரத்தில் தங்கிவிடுங்கள், அதுதான் என் முதல் ஆலோசனை. தனுஷ்கோடி சாலையில் இருட்டில் வண்டியை விடமாட்டார்கள், மாலையிலும் இருட்டுமுன் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நேரம் அவ்வப்போது மாறும், எனவே தங்கும் இடத்தில் கேட்டுவிட்டுத் தூங்குங்கள். சூரியன் எழும் நொடி கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை, அலைக்கு நல்ல வெளிச்சம் அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் இருக்கும்.

அடுத்து, எந்தக் கடல் என்று முடிவு செய்ய வேண்டும். ராமேஸ்வரம் தீவில் வடக்குப் பக்கக் கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெயருக்கு ஏற்றபடி வடக்கு பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும், தெற்கில்தான் அலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தென்பக்கம் நன்றாகப் புரளும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கிளம்பிவிட்டால் கதை மாறி வடபக்கம் கொந்தளிக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. கூட்டம் பிடிக்காதவர்கள் அருப்புக்கோட்டை, சாயல்குடி வழியாக மூக்கையூருக்குப் போகலாம், அங்கே உங்களை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

கரைக்குப் போனதும் கேமராவை எடுக்காதீர்கள். பதினைந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை, சின்னச் சின்னதாகக் கொஞ்ச நேரம் வந்துவிட்டு, பிறகு நாலைந்து பெரியவை சேர்ந்து வரும். அவை எங்கே உடைகின்றன, தண்ணீர் மணலில் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, அந்த ஈரக் கோட்டுக்கு மேலே நில்லுங்கள். அப்புறம் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். நிறையப் பேர் நல்ல அலை அங்கே, இங்கே என்று ஓடி எல்லாவற்றையும் கோட்டை விடுகிறார்கள். ஒரே இடத்தில் நிற்பவருக்குத்தான் படம் கிடைக்கும்.

காலையில் தென்கடலைப் பார்த்து நின்றால் வெயில் இடது பக்கமிருந்து வரும். கொஞ்சம் கிழக்கே திரும்பி, சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவே அலை எழும்படி நின்றுகொண்டு, முட்டிபோட்டு, கேமராவைத் தாழ்வாகப் பிடியுங்கள். அலை சுருண்டு விழுவதற்கு முந்தின கணத்தில் அதன் மேல் விளிம்பு காகித மெல்லிசாகும், வெளிச்சம் ஊடுருவி உள்ளே பச்சைக் கண்ணாடி நிறம் வரும், அதிலே மணல் துகள்கள் மேலேறுவதுகூடத் தெரியும். உடைந்த பிறகு கிளிக் செய்தால் நுரைதான் மிச்சம். ஆகவே அலை நிமிரத் தொடங்கும்போதே அழுத்தி, தொடர்ந்து ஏழெட்டுப் படம் எடுங்கள்.

துளிகள் உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாக இருக்கக்கூடாது, 1/2000 இன்னும் நல்லது. இழுபடும் தண்ணீர் வேண்டுமென்றால் 1/4 அல்லது 1/8, அதற்கு முக்காலியும், பகலில் வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரும் தேவை. முக்காலியின் கால்களை ஈர மணலில் அழுத்தி ஊன்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். கேமராவின் எக்ஸ்போஷர் அமைப்பில் வெளிச்சத்தை அரை ஸ்டாப் (-0.5) குறைத்து எடுங்கள், வெளுத்துப்போன நுரையைப் பிறகு எந்தச் சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. ஆனால் படம் முழுக்க நுரையாக இருந்தால் கேமராவே தானாக இருட்டடித்துவிடும், அப்போது குறைக்க வேண்டாம். போனில் எடுப்பவர்கள் அலை உடையும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் கடலுக்குப் போய்த்தான் பழக வேண்டும் என்பதில்லை. சித்திரையில் அழகர் வைகைக்கு வரும்போது தோல்பையோடு தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களைப் படம் எடுத்துப் பாருங்கள். துளியையும் முகத்தையும் ஒரே படத்தில் பிடிக்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

சரி, மனிதர்கள். வெறும் அலையை நூறு படம் எடுத்தாலும் அதன் உயரம் பார்ப்பவருக்குப் பிடிபடாது. ஒரு வள்ளமோ, இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஆளோ இருந்தால்தான் பிடிபடும். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே உட்காருங்கள். இரண்டு கயிறு, இரண்டு கூட்டம், வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும். வலையில் மீன் சேரும் பை போன்ற மடி கரைக்கு வர ரொம்ப நேரமாகும் என்பதால் அவசரமே வேண்டாம். குதிகால் மணலில் புதைவதையும், கயிறு உள்ளங்கையை அழுத்தி வெளுக்க வைப்பதையும், கயிற்றிலிருந்து பிழிந்து வடியும் தண்ணீரையும் கிட்டப்போய் எடுங்கள். மடி கரையேறிய பிறகு எல்லாரும் குனிந்துகொள்வார்கள், முதுகுதான் தெரியும், அப்போது நீங்களும் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஆனால் முதலில் கேளுங்கள். "அண்ணே, படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வலையைச் செருப்போடு மிதிக்காதீர்கள். கயிறு இழுக்கும் வழியில் நிற்காதீர்கள், முடிந்தால் கொஞ்ச நேரம் நீங்களும் பிடித்து இழுங்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் முங்கி எழுகிறவர்கள். அவர்கள் ஈரச்சேலையோடு கரையேறும் நேரத்தில் லென்ஸை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாசியைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்து பேசும்போது, "அக்கா" என்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எடுக்கலாம். எடுத்த படத்தை அங்கேயே காட்டுங்கள், வாட்ஸ்அப் எண் கேட்டு அனுப்பிவிடுங்கள். நம்மூரில் நிறையப் பேர் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள், அதன் பலனை அடுத்துப் போகிறவர் அனுபவிக்கிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது போனால் ஒன்றும் இருக்காது என்று நினைக்காதீர்கள். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், வண்ணம் அடிப்பதும், வலை பின்னுவதும் அப்போதுதான் நடக்கும்.

பாதுகாப்பை விளையாட்டாக எடுக்க வேண்டாம். கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள், வ்யூஃபைண்டரில் கண் இருக்கும்போது கூட வந்தவர் ஒருவர் அலையைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கே நடுக்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத தெளிவான நாளில் திடீரென்று கரையில் ஏறும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது, கிளம்பும் முன் அதைப் பாருங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் அன்றைக்கு எந்தப் படமும் வேண்டாம். திரும்பி வாருங்கள்.

கடைசியாக உப்பு. கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். லென்ஸில் சாரல் பட்டால் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புக்கல் கீறிவிடும், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும், அரை மணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிடுங்கள். முக்காலியை அறைக்கு வந்ததும் குழாயடியில் கழுவி, கால்களை நீட்டிவிட்டுக் காயவையுங்கள், மதுரை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் பூட்டுகள் இறுகிவிடும்.