பழைய காரில் டிக் டிக் சத்தம்: டேப்பெட் மீது பழி போடுவதற்கு முன்

செட்டிநாட்டு வீடுகளின் ஷெட்டில் இன்னும் நல்ல அம்பாசடர்கள் நிற்கின்றன. சில வீடுகளில் பிரீமியர் பத்மினி, பல வீடுகளில் மாருதி 800. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, நகரத்தாரின் நகரக் கோயில் திருவிழா என்று ஊர் திரும்பும்போதுதான் வண்டி சாவியைப் பார்க்கும். அப்படி மாதக்கணக்கில் நின்று எழுந்த இன்ஜினில் டிக் டிக் என்று சத்தம் கேட்டதும், "டேப்பெட் சத்தம்தான் அண்ணே, டைட் வைத்துவிடலாம்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. டேப்பெட் என்பது இன்ஜினின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் அமைப்பு. அதில் விடப்படும் சிறு இடைவெளி கூடினால் தட்டும். டைட் வைப்பது என்றால் அந்த இடைவெளியைக் குறைப்பது. நல்ல இன்ஜின்கள் வீணாவதற்கு இந்த அவசரத் தீர்ப்பே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் தவறு, ஸ்டார்ட் செய்த விதத்திலேயே நடந்துவிடுகிறது. நீண்ட நாள் நின்ற இன்ஜினில் மேல் பாகங்களில் இருந்த ஆயில் முழுவதும் அடியில் இறங்கியிருக்கும். வால்வுகளை அமுக்கும் ராக்கர் என்ற நெம்புகோல்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டுக்கு அது திரும்பி வந்து சேரச் சில விநாடிகள் ஆகும். அதுவரை சத்தம் வரத்தான் செய்யும். சத்தத்தை விரட்ட ஆக்சிலரேட்டரை மிதிப்பது காய்ந்த உலோகத்தை உலோகத்தோடு உரசவிடுவதாகும். முதலில் சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் இணைப்பைத் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சில விநாடி வீதம் விட்டுவிட்டு இயக்குங்கள். பிறகு பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பாதிச் சத்தங்கள் இதிலேயே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது ஒரே ஒரு வால்வின் தட்டல் விநாடிக்கு ஆறு ஏழு முறைதான் கேட்கும். அதைவிட இரு மடங்கு வேகமாகக் கேட்டால், கிராங்கோடு சுற்றும் பாகங்களையோ, ஒன்றுக்கு மேற்பட்ட வால்வுகளையோ சந்தேகிக்க வேண்டும். ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ராக்கர் மூடி, பிளாக், பெட்ரோல் பம்ப் என்று மாற்றி மாற்றி வைத்துக் கேளுங்கள். பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பும் கேம் ஷாஃப்டால்தான் ஓடுகிறது. அதன் நெம்புகோல் தேய்ந்தால் அச்சு அசல் டேப்பெட் போலவே தட்டும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஓடும் இன்ஜினுக்கு மேலே குனியாதீர்கள். ஃபேன் அதை இழுத்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும்.

டேப்பெட்டாக வேடம் போடுவதில் முதலிடம் எக்ஸாஸ்ட் கசிவுக்கு. அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினில் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், டேப்பெட் அறையின் பக்க மூடிகளும் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஏமாறுவது சுலபம். குளிர்ந்த இன்ஜினில் சத்தம் பலமாக இருந்து, சூடேறி உலோகம் விரிந்ததும் குறைகிறதா? மேடு ஏறும்போதோ, ஆள் நிறைந்து இழுக்கும்போதோ கூடுகிறதா? அப்படியானால் மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். டேப்பெட் சத்தம் பாரத்துக்கு அவ்வளவாக மாறாது. கேஸ்கட் ஓரத்தில் கரி படிந்த தடம் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. காற்றுக் கசிவுக்கு ஸ்க்ரூ டிரைவர் உதவாது. ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை மேனிஃபோல்டை ஒட்டி நகர்த்துங்கள்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர்த் தெருக்கள் இதற்கு ஒரு வசதி தருகின்றன. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டும் இருக்கும் வீடுகளின் நெடுஞ்சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, உள்ளே உட்கார்ந்தால் கேட்காததையும் கேட்க வைக்கும். முதலில் இடப்பக்கச் சுவர், திரும்பும்போது வலப்பக்கச் சுவர் என்று ஓட்டினால், சத்தம் எந்தப் பக்கத்தில் பிறக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

டேப்பெட்தான் என்று உறுதியான பிறகு செய்யப்படும் தவறு எல்லாவற்றையும்விட மோசமானது. சத்தமே இல்லாதபடி இடைவெளியை முழுவதும் அடைத்துவிடுகிறார்கள். வால்வு சூட்டில் நீள்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் அது மூடி அமரும் விளிம்பான சீட்டில் முழுமையாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைச் சீட்டின் வழியாகத்தான் இறக்குகிறது. உட்காராத வால்வு கருகிவிடும். அமைதியாக ஓடிய வண்டி சில மாதங்களில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கும் அழுத்தம், இழந்து நிற்கும். இந்த அம்பாசடர் இன்ஜினுக்கு இடைவெளி 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். மற்ற வண்டிகளுக்கு அதனதன் கையேட்டில் உள்ள அளவுதான். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டுமா, சூடாக இருக்க வேண்டுமா என்பதையும் அதிலேயே பாருங்கள். அளக்கும் வால்வு முழுவதும் மூடியிருப்பதும் அவசியம். எட்டு வால்வு அம்பாசடரில் அதற்கு ஒரு கணக்கு உண்டு: முன்பக்கத்திலிருந்து எண்ணி, முழுவதும் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-லிருந்து கழியுங்கள்; வரும் எண்ணுள்ள வால்வை அளக்கலாம். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3.

அளவு சரியாக வைத்தும் தட்டுகிறதே என்றால், ராக்கரின் நுனியைப் பாருங்கள். வால்வு தொடும் இடத்தில் குழி விழுந்திருக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தட்டையான தகடு குழியின் இரு கரைகளில் பாலமாக நிற்பதால், கேஜ் காட்டுவதைவிட உண்மை இடைவெளி அதிகம். இங்கே இன்னும் இறுக்குவது தீர்வாகாது. ராக்கரைச் சீர்செய்யவோ மாற்றவோ வேண்டும். மூடி திறந்திருக்கும்போதே, ஸ்லோவில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிந்து வருகிறதா என்றும் பாருங்கள். காய்ந்து கிடந்தால் ஆயில் வழி அடைபட்டிருக்கிறது. கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது அந்த அடைப்பை மறைக்கவே உதவும்.

சில பிந்தைய வண்டிகளில் ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட். அவற்றில் திருகி வைக்க ஒன்றுமில்லை. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ள வண்டியில் மெல்லிய டிக் டிக் இயல்பானது.

ஆனால் சத்தம் கனத்து, அடியிலிருந்து டக் டக் என்று, பாரம் ஏற ஏற பலப்பட்டால் அது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். காரைக்குடி பட்டறைவரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

ராக்கர் மூடியைத் திரும்பப் போடும்போது நைந்த கார்க் கேஸ்கட்டையே வைத்து இறுக்குவதையும் பலரிடம் பார்க்கிறேன். கசியும் ஆயில் சூடான மேனிஃபோல்டின் மேல்தான் சொட்டும். புகையும், தீப்பிடிக்கவும் கூடும். புதியது போட்டு, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, விளிம்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பானெட்டை மூடுங்கள்.