மயிலைக் காளையும் மாஸ்க்கும்: டேப்லெட்டில் அசலைத் தொடாமல் படம் திருத்துவது எப்படி

சென்ற சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஒரு காங்கேயம் காளையைப் படம் எடுத்தேன். நல்ல மயிலை. உடல் வெளிர் சாம்பல், திமிலும் முன்பகுதியும் இருண்ட சாம்பல். வெள்வேல மரத்து நிழலில் கட்டியிருந்தார்கள். அன்று இரவே டேப்லெட்டில் படத்தைத் திருத்தி, ஜேபெக்காகச் சேமித்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் அவர் அழைத்தார். காளையின் மேல் நீலம் படிந்திருக்கிறது, திமிலில் மயிரே தெரியவில்லை, வெறும் கரியாக இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரி. மாற்றலாம் என்று கோப்பைத் திறந்தால், நான் செய்த எல்லாத் திருத்தமும் படத்தோடு படமாக ஒட்டிப்போயிருந்தது. கேமரா கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தைச் சொல்லித்தான் இங்கே மாட்டை அடையாளம் காட்டுவார்கள். படத்தில் நிறம் பிசகினால் அது வேறு மாடு. எனவே, கணினியில் பழகிய வேலையை டேப்லெட்டுக்குக் கொண்டுபோகும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அடியில் இருக்கும் படத்தில் விரல் படக்கூடாது. ஒவ்வொரு திருத்தமும் அதன் மேல் தனி லேயராக, அதாவது படத்தின் மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்ற தனி அடுக்காக, உட்கார வேண்டும்.

காரணம் எளிது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான் (8 பிட்). திமிலின் இருண்ட பகுதியை இன்னும் இருட்டாக்கும்போது, அருகருகே இருந்த பல படிநிலைகள் ஒரே கறுப்பாகிவிடுகின்றன. அப்படியே சேமித்துவிட்டால், பிறகு எவ்வளவு வெளிச்சம் ஏற்றினாலும் மயிர் திரும்பாது, சாம்பல் திட்டுதான் வரும். பின்வாங்கும் பொத்தான் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பல செயலிகளில் கோப்பை மூடியதும் அந்த வரலாறு போய்விடும்.

முதல் வேலை, அசலை ஒழுங்காகக் கொண்டுவருவது. வாட்ஸ்அப் வழியாக உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். கார்டு ரீடரோ கேபிளோ போதும். முடிந்தால் ரா கோப்பையே, அதாவது கேமரா பதப்படுத்தாமல் பதிந்த மூலக் கோப்பையே கொண்டுவாருங்கள். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் இருப்பதால் நிழலுக்குள் மீட்க நிறைய மிச்சமிருக்கும். கணினியில் பாதி முடித்த வேலை என்றால் லேயர்களைக் காக்கும் போட்டோஷாப் வகையான பிஎஸ்டி கோப்பாக எடுத்துவர வேண்டும். டேப்லெட்டில் திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். திரையே மஞ்சளாக இருந்தால் மயிலையை எப்படி மதிப்பிடுவது?

அடுத்து செயலி. ஐபேடில் அஃபினிட்டி போட்டோ 2017-இலும் போட்டோஷாப் 2019-இலும் வந்தன. இரண்டிலும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர், அதாவது கீழுள்ள படத்தைத் தொடாமல் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றிக் காட்டும் லேயர் உண்டு. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் இலவசமான கிருதாவை முயலலாம். அதில் ஃபில்டர் லேயர் இதே வேலையைச் செய்யும். ப்ரோகிரியேட் வரைவதற்கு அருமையானது. ஆனால் அதன் நிறத் திருத்தங்கள் லேயரின் மீதே நேரடியாகப் பதிகின்றன, எனவே அதில் ஒரு பிரதி எடுத்து, பிரதியின் மேல்தான் வேலை செய்ய வேண்டும்.

பிரதி எடுக்கும் பழக்கத்தை மற்ற செயலிகளில் விட்டுவிடுங்கள். 6000க்கு 4000 பிக்சல் படம் என்றால் 2.4 கோடி பிக்சல்கள். 8 பிட்டில் ஒரு பிரதி சுமார் 72 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும், 16 பிட்டில் 144. ஐந்தாறு பிரதி ஆனதும் டேப்லெட் திணறும். அட்ஜஸ்ட்மென்ட் லேயரோ ‘இதைச் செய்’ என்ற கட்டளையை மட்டும் வைத்திருக்கிறது, எடை மிகக் குறைவு.

இனி காளைக்கு வருவோம். அடிப்படத்தைப் பூட்டுங்கள். அதற்கு நேர் மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, ‘சுத்தம்’ என்று பெயரிடுங்கள். கிளுவை வேலியில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பை, மார்பின் குறுக்கே போன தலைக்கயிறு, இரண்டையும், பக்கத்துப் பகுதியை எடுத்து ஒட்டுப்போடும் ஹீலிங் பிரஷ்ஷால் இந்த வெற்று லேயரில்தான் மறைத்தேன். பிரஷ்ஷின் அமைப்பில் கீழுள்ள லேயர்களிலிருந்தும் எடுக்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வெற்று லேயரில் எடுக்க ஒன்றும் இருக்காது. நிறத் திருத்தம் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். நிறத்தை மாற்றிய பிறகு மேலே வைத்து ஒட்டுப்போட்டால், ஒட்டுகள் அந்த நிறத்தோடு உறைந்துவிடும். பின்னாளில் நிறத்தை மாற்றும்போது ஒட்டுப்போட்ட இடம் மட்டும் தனியாகப் பல்லிளிக்கும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இந்த வரிசைதான்.

அதற்கு மேலே, ஒளியால் படியும் நிறச் சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் லேயர். நிழலில் நிற்கும் மாட்டின் மேல் வானத்து ஒளிதான் விழுகிறது, நீலம் அதனால் வருகிறது. அந்த லேயரில் வெப்பம் என்ற அளவைச் சிறிது மஞ்சள் பக்கம் ஏற்றினால் மயிலை மயிலையாகும். அடிவயிற்றில் மட்டும் செம்மண்ணின் சிவப்பு ஏற்கனவே எதிரொளிப்பதால், அங்கே இந்த ஏற்றம் அதிகமாகத் தெரியும். இங்கேதான் மாஸ்க் தேவைப்படுகிறது.

திருப்பூரில் பனியனில் படம் அச்சிடும் பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்கிரீனில் அடைத்த இடத்தில் சாயம் இறங்காது, திறந்த இடத்தில் இறங்கும். மாஸ்க்கும் அப்படியே. வெள்ளை திறப்பு, கறுப்பு அடைப்பு, சாம்பல் பாதித் திறப்பு. மாஸ்க்கைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து, ஓரம் மென்மையான பெரிய பிரஷ்ஷில் கறுப்பின் அடர்த்தியை 20 சதவீதமாக வைத்து, அடிவயிற்றின் மேல் இரண்டு மூன்று முறை தடவுங்கள். அதிகமாகிவிட்டதா, வெள்ளையால் தடவினால் பழையபடி ஆகிவிடும். அழிப்பானைத் தொடவே வேண்டாம். பேனாவை அழுத்தி வரையும் வசதி இருப்பதால், இந்த ஒரு வேலையில் டேப்லெட் மவுஸைவிட எனக்கு எப்போதும் கைகொடுக்கிறது.

திமிலுக்கு, ஒரு கோட்டை வளைத்து வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றும் கர்வ்ஸ் லேயர் ஒன்று போட்டு, கோட்டின் இருண்ட பக்கத்தைக் கொஞ்சமாகத் தூக்குங்கள். அதன் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டுத் திமிலில் மட்டும் வெள்ளையால் வரையுங்கள். மயிர் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்க்கலாம். கழுத்தோடு சேரும் இடத்தில் பிரஷ்ஷைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், கோடு விழாது.

சேமிப்பது இரண்டு கோப்பாக. லேயர்களோடு ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அனுப்புவதற்கு ஜேபெக்காக ஏற்றுமதி செய்த பிரதி இன்னொன்று. லேயர்களை ஒன்றாக்கும் கட்டளையை எதற்காகவும் தொடாதீர்கள். கணினிக்கு மாற்றியதும் ஒருமுறை திறந்து, எல்லா லேயரும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். செயலிக்குச் செயலி சில லேயர் வகைகள் ஒத்துப்போவதில்லை.

புதிதாகத் திருத்திய படத்தை அனுப்பியதும் உரிமையாளர் நிறத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் தலைக்கயிறு எங்கே, அது இல்லாமல் காளை நிற்பது சரியாக இல்லை என்றார். ‘சுத்தம்’ லேயருக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, அதில் கயிறு இருந்த இடத்தை மட்டும் கறுப்பால் தடவினேன். கயிறு திரும்பியது, வேலியில் பிளாஸ்டிக் பை திரும்பவில்லை. அழைப்பைத் துண்டிக்கும் முன்பே படம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.