நீட் ஹால்ல கை நடுங்குனா என்ன பண்றது? ரெண்டு தடவை எழுதுனவன் சொல்றேன்

ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்ல முதல் கேள்வியை படிச்சேன், மறுபடி படிச்சேன், மூணாவது தடவையும் படிச்சேன், ஒரு வார்த்தை மண்டைல ஏறல. உள்ளங்கை வேர்த்து, விடைக்கு வட்டத்தை நிரப்புற ஓஎம்ஆர் ஷீட்டோட ஓரம் லேசா சுருண்டுகிச்சு, அதை பார்த்ததும் இன்னும் பதட்டம். ஃபிசிக்ஸ்லயே முக்கால் மணி நேரத்துக்கு மேல முட்டிக்கிட்டு நின்னு, கடைசில பயாலஜில நல்லா தெரிஞ்ச கேள்விங்களை தொடாமலே எழுந்து வந்தேன். அடுத்த வருஷமும் அதே மாதிரிதான் கை நடுங்குச்சு, ஆனா அப்போ என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருந்துச்சு.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, நெஞ்சு படபடக்குதுன்னா நீங்க படிக்கலைன்னு அர்த்தம் இல்ல. பயாலஜில நீங்களே படிச்சதுதான், சிறுநீரகத்துக்கு மேல இருக்கற அட்ரீனல் சுரப்பியோட உள்பகுதி, அதாவது மெடுல்லால இருந்து அட்ரினலின் சுரக்குது, ஹார்ட் வேகமா அடிக்குது, வேர்க்குது, மயிர் கூச்செறியுது. ஆபத்துன்னு நினைச்சு உடம்பு உங்களுக்கு உதவ வருது, அவ்ளோதான். அதை அடக்கணும்னு சண்டை போட்டா இன்னும் ஏறும். மூக்கு வழியா 4 எண்ணி மூச்சை இழுங்க, வாய் வழியா 6, 7 எண்ணி மெதுவா விடுங்க. இழுக்குறதை விட விடுறது நீளமா இருக்கணும், அப்பதான் இதயத்துடிப்பு இறங்கும். அஞ்சாறு தடவை போதும், ஒரு நிமிஷம்தான் ஆகும். ஆனா இதை ஹால்ல போய் முதல் தடவையா ட்ரை பண்ணாதீங்க, தினமும் மாக் டெஸ்ட்டுக்கு (மாதிரி பரீட்சைக்கு) முன்னாடி செஞ்சு பழகுங்க.

மாக் டெஸ்ட் எழுதுற நேரமும் முக்கியம். நிறைய பேர் விடியக்காலைல ஏசி ரூம்ல எழுதி பழகுறாங்க, ஆனா பரீட்சை மதியம் 2 மணிக்கு, அதுவும் மே மாசம், கத்திரி வெயில் ஆரம்பிக்கிற சமயம், மதிய தூக்கம் வேற சொக்கும். கடைசி ஒரு மாசமாச்சும் 2 மணிலேர்ந்து 5 மணி வரைக்கும், ஃபேன் மட்டும் போட்டு, செல்போனை வேற ரூம்ல வெச்சிட்டு, நடுவுல எழுந்திருக்காம எழுதுங்க. கைல வாட்ச் கட்டாதீங்க, ஏன்னா உள்ள விட மாட்டாங்க, சுவர்ல இருக்கற கடிகாரத்தைதான் பார்க்கணும். ஓஎம்ஆர் ஷீட்டை ஜெராக்ஸ் கடைல பத்து இருபது காப்பி எடுத்து பால்பாயிண்ட் பேனால நிரப்பி பழகுங்க.

அன்னைக்கு கேட்டை 1.30-க்கு மூடிடுவாங்க, அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடுவோம், அதனால மதிய சாப்பாடு தவறிடும். கிளம்புறதுக்கு முன்னாடி இட்லி மாதிரி லேசா சாப்பிடுங்க, பிரியாணி வேண்டவே வேண்டாம். அரைக்கை சட்டை, செருப்பு, அட்மிட் கார்டு, ஐடி, போட்டோ எல்லாம் முந்தின நாள் சாயங்காலமே ஒரே இடத்துல எடுத்து வெச்சிடுங்க. கேட்டுக்கு வெளிய சுத்தி நின்னு "அந்த சாப்டர் பார்த்தியா, இந்த ஃபார்முலா தெரியுமா"னு பேசுற கூட்டத்துக்கிட்ட போகாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். 180 கேள்வி, 180 நிமிஷம், அதுல 90 கேள்வி பயாலஜி. நான் ரெண்டாவது தடவை பயாலஜிலதான் ஆரம்பிச்சேன், வரிசையா தெரிஞ்ச கேள்வியா வர வர கை நடுக்கம் தானா நின்னுடுச்சு. 50 நிமிஷத்துக்குள்ள அதை முடிச்சிட்டு, கெமிஸ்ட்ரி, கடைசியா ஃபிசிக்ஸ். ஆனா ஒரு ஆபத்து இருக்கு, பயாலஜி 91-லேர்ந்துதான் வரும், நடுவுல இருந்து ஆரம்பிக்கிறதால ஓஎம்ஆர்ல 91-ல போட வேண்டியதை 1-ல போட்டுட வாய்ப்பு இருக்கு, பேனால நிரப்புனதை மாத்த முடியாது. இடது கை விரலை கேள்வி நம்பர் மேல வெச்சுக்கிட்டு நிரப்புங்க, ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் அந்த பக்கத்தை மட்டும் நிரப்பிடுங்க, கடைசில மொத்தமா போட்டுக்கலாம்னு விடாதீங்க.

தமிழ் மீடியம் பசங்களுக்கு ஒண்ணு, புக்லெட்ல தமிழும் இங்கிலீஷும் ரெண்டும் இருக்கும், தமிழ்ல ஒரு கலைச்சொல் குழப்புச்சுன்னா உடனே இங்கிலீஷ் வரியை பாருங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா இங்கிலீஷ்ல இருக்கறதைதான் எடுத்துப்பாங்க.

நடுவுல திடீர்னு எல்லாம் மறந்த மாதிரி ஆகும், 2025-ல ஃபிசிக்ஸ் ரொம்ப கஷ்டமா வந்தப்ப நிறைய பேருக்கு அப்படித்தான் ஆச்சு. அப்போ பேனாவை கீழ வைங்க, ரெண்டு பாதத்தையும் தரைல நல்லா அழுத்துங்க, அந்த நீள மூச்சு மூணு தடவை, ஒரு வாய் தண்ணி, அப்புறம் அந்த கேள்வியை விட்டுட்டு ரொம்ப ஈஸியான வேற ஒரு கேள்விக்கு போங்க. ஒரு கேள்விக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா அது எவ்ளோ தெரிஞ்ச மாதிரி இருந்தாலும் விட்டுடுங்க. சரியா போட்டா 4, தப்புக்கு 1 குறையும், விட்டா எதுவும் போகாது. பயத்துல கண்ண மூடிக்கிட்டு போட்டதாலதான் எனக்கு முதல் தடவை மார்க் இன்னும் இறங்குச்சு.

அப்பா அம்மா இதை படிச்சீங்கன்னா, கேட்டை விட்டு வெளிய வந்ததும் "எவ்ளோ வரும்"னு கேக்காதீங்க ப்ளீஸ், "சாப்பிடலாம் வா"ன்னு மட்டும் சொல்லுங்க. எங்கம்மா ரெண்டாவது தடவை அப்படித்தான் சொன்னாங்க, ரோட்டோரத்துல நின்னு மோர் குடிச்சோம்.

ரிசல்ட் வர்ற வரைக்கும் மனசு ரொம்ப கனமா இருந்தா, தூக்கமே வரலைன்னா, தமிழ்நாடு அரசோட மருத்துவ உதவி எண் 104-க்கோ, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கோ போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம், ரெண்டும் இலவசம்தான். இப்பவே ரெண்டு நம்பரையும் போன்ல சேவ் பண்ணிட்டு, பக்கத்துல பரீட்சை எழுதுற ஃப்ரெண்டுக்கும் அனுப்பி விடுங்க.